மொழியும் பொருளும்: மாட்டுங்கா தரும் சான்று

சென்ற ஆண்டு மாட்டுங்காவில் நடந்ததொரு தமிழ் விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். மேடையில் பேசிய பெரியவர் ஒருவர், நூறாண்டுகளுக்கு முன் வெறுங்கையுடன் இந்நகருக்கு வந்த தமிழர் இன்று வங்கிகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் உயர்பதவி வகிப்பதை எடுத்துரைத்தார். “இதற்கெல்லாம் காரணம் நம் மொழியும் பண்பாடுமே, உழைப்பும் சிக்கனமும் கல்வி வேட்கையும் தமிழனுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுபவை” என்று முடித்தார். கரவொலி எழுந்தது. நாமும் கை தட்டினோம். நம் அருகில், நம் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகப் பணிபுரியும் அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். ஏழாம் வகுப்பில் தமிழ்வழி பயிலும் அவர் மகள் அன்று குறள் ஒப்புவித்தற் போட்டியில் பரிசு பெற வந்திருந்தாள். அவர் தணிந்த குரலில் கேட்டார்: “அப்போ நாங்க தமிழங்க இல்லையா, சார்?”

விடை கூற நமக்கு வாய் எழவில்லை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்து செல்ல அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. இரு புறத்தும் பேசப்படுவது தமிழே. மொழிதான் செல்வம் தந்தது என்றால், அது ஏன் இருப்புப்பாதைக்கு ஒருபுறம் மட்டும் தந்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஒரு சமூகத்தின் பண்பாடு அதன் பொருளாதாரத்தை நெடுங்காலத்துக்கு வழிநடத்துகிறது என்னும் கருத்துப் புதியதன்று. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904-05-இல் எழுதிய கட்டுரைகளில், சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் உள்ளொழுக்கமே மேலைநாட்டு முதலாளித்துவத்துக்கு ஊக்கம் தந்தது என்று வாதிட்டார். நூறாண்டு கழித்து, 2009-இல், பெக்கர், வோஸ்மன் என்னும் இருவர் பிரஷ்ய நாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளைப் புரட்டினர். அம்மதத்தினர் வாழ்ந்த மாவட்டங்கள் செழித்திருந்தது மெய்யே. ஆயினும் அச்செழிப்பின் பெரும்பகுதியை எழுத்தறிவு ஒன்றைக் கொண்டே விளக்கிவிடலாம் என அவர்கள் கண்டனர். வேதநூலை ஒவ்வொருவரும் தாமே படிக்கவேண்டும் என்று லூதர் விரும்பினார். அதற்காகப் பள்ளிகள் எழுந்தன. பள்ளியில் கற்றவன் கடைக்கணக்கும் எழுதினான். தேவாலயத்துக்குள் தேடிய காரணம் திண்ணைப் பள்ளியில் கிடைத்ததுபோல் ஆயிற்று.

மொழியின் இலக்கணத்திலேயே காரணத்தைத் தேடியவரும் உளர். கீத் சென் என்பவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எதிர்காலத்தைத் தனி வினைவடிவால் கட்டாயமாகக் குறிக்கும் மொழியினர் குறைவாகச் சேமிக்கின்றனர் என்றார். நாளை என்பது இன்றிலிருந்து இலக்கணத்தால் பிரிக்கப்படுவதால், அது தொலைவில் உள்ளதாகத் தோன்றிவிடுகிறதாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதைப் படித்தபோது நகைப்பே வந்தது. ‘நாளை வருவேன்’ என்பதும் தமிழ். ‘நாளைக்கு வருகிறேன்’ என்பதும் தமிழ். பின்னதுதான் நாம் வாசலில் நின்று நாள்தோறும் சொல்வது. நம்மைச் சேமிப்பவர் கணக்கில் எழுதுவதா, செலவாளிகள் கணக்கில் எழுதுவதா? ஒரே வேரில் கிளைத்த மொழிகளின் உறவையும் கணக்கில் கொண்டு பார்த்தால் அம்முடிவு உறுதியாக நிற்பதில்லை என்று, சென்னும் உடனிருந்து எழுதிய 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையே கூறிற்று. தம் கொள்கையைத் தாமே சோதித்துத் தளர்த்திய அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும்.

இனி மாட்டுங்காவுக்கு வருவோம். 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே அதற்குக் காரணம் எனக் கருதிய அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு அறநிலையம் ஒன்றை நிறுவிற்று. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் அளவிட்ட மனைகளும் வகுக்கப்பட்டன. வயலும் தோப்புமாகக் கிடந்த நிலம் 1920-களிலும் 1930-களிலும் அடுக்குமாடி வீடுகளாக எழுந்தபோது, அவற்றில் குடிபுகுந்தவருள் தெற்கிலிருந்து வந்த எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் மிகுதி. தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பகுதிகளைச் சேர்ந்தவர், பெரும்பாலோர் பிராமணர்.

அவர்கள் ஏன் வந்தனர்? 1871-இல் ராய்ச்சூரில் இரு இருப்புப்பாதைகள் கூடிச் சென்னையும் பம்பாயும் இணைந்துவிட்டன. ஆகவே வழி இருந்தது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும், கும்பகோணம், பாலக்காடு போன்ற ஊர்க் கல்லூரிகளும் ஆங்கிலம் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் வெளியே அனுப்பின. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எனப் பல மொழி வழங்கிய சென்னை மாகாணத்தில் அரசு அலுவல் ஆங்கிலத்தாலேயே கோக்கப்பட்டிருந்தது. ஆயினும் அந்த மாகாணத்தில் பம்பாய்க்கு நிகரான ஆலைகளோ வணிக மன்றங்களோ இல்லை. படித்தவர் பெருகினர், நாற்காலிகள் பெருகவில்லை. 1921-லும் 1927-லும் வெளியான வகுப்புவாரி ஆணைகள், ஒரு வகுப்பார் நெடுங்காலம் ஏறக்குறையத் தமதாகவே கொண்டிருந்த அரசுப் பணிகளைப் பிறர்க்கும் பகிர்ந்தளிக்க முற்பட்டன. அது நியாயமான பகிர்வே. பகிர்ந்த பின் இடம் குறைந்தவர் இரயிலேறினர்.

பம்பாயில் வணிகம் குஜராத்தியரிடமும் பார்சிகளிடமும் மார்வாரிகளிடமும் இருந்தது. உள்நாட்டு வணிகர் தத்தம் மொழியிலேயே பேரேடு எழுதினர். அங்கே தமிழனுக்கு இடமில்லை. ஆனால் கோட்டைப் பகுதியிலும் பல்லார்ட் எஸ்டேட்டிலும் இருந்த ஆங்கிலக் கம்பெனிகள், இரயில்வே, துறைமுகம், வங்கி ஆகியவை கடிதத்தால் இயங்கின. கடிதம் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதியாக வேண்டும். ஐசக் பிட்மன் 1837-இல் வகுத்த சுருக்கெழுத்து ஒலியையே குறிப்பது. எழுத்துக்கூட்டைப் பற்றிக் கவலைப்படாதது. வெள்ளைக்காரத் துரையின் வேகமான பேச்சைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் பிடித்து, பின்னர்ப் பிழையற்ற ஆங்கிலமாகத் தட்டச்சில் இறக்குவதற்குக் காதும் இலக்கணமும் ஒருங்கே வேண்டும். தெற்கத்தி இளைஞர் அதில் தேர்ந்தனர். நம் பாட்டனார் 1938-இல் விக்டோரியா டெர்மினஸில் இறங்கியபோது அவர் கையிலிருந்தவை ஒரு தகரப்பெட்டி, டைப்பிங் ‘ஹையர்’ தேறிய சான்றிதழ், மாட்டுங்காவில் மெஸ் நடத்திவந்த ஊர்க்காரர் ஒருவரின் முகவரி ஆகிய மூன்றே என்று நம் தந்தையார் சொல்வார். சான்றிதழைக் காட்டிலும் அம்முகவரியே முதலில் பயன்பட்டதாம். மெஸ்ஸில் பரிமாறிய பந்தியிலேயே, எந்த அலுவலகத்தில் இடம் காலி என்ற செய்தியும் பரிமாறப்பட்டது. ஒருவர் தம் மேலாளரிடம், “என் மைத்துனன் ஒருவன் இருக்கிறான்” என்பார்; மறுவாரம் மைத்துனன் வந்துவிடுவான்.

பண்பாடு என்று நாம் பெருமையாகப் பேசுவதில் எவ்வளவு பங்கு இந்த மைத்துனன் ஏற்பாடு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வந்தவர் தமக்கென நிறுவனங்களை எழுப்பினர். 1932-இல் எம். வி. வெங்கடேசுவரனும் பிறரும் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினர். சிறு பள்ளியாக முளைத்த அது 1960-இல் சயானில் கல்லூரியும் கண்டது. 1952-இல் சண்முகானந்த சபா அமைந்தது. 1963-இல் அதன் பேரரங்கம் திறக்கப்பட்டது. 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. கல்விக் கழகத்தின் பெயரில் ‘தமிழ்’ என்னும் சொல் இல்லாததைக் கவனிக்க. மாட்டுங்காவின் குடியிருப்பு வரலாற்றை 2013-இல் நூலாக எழுதிய நிகில் ராவ், ‘தென்னிந்தியர்’ என்ற ஓரினமே இங்குத்தான் உருப்பெற்றது என்கிறார். ஊரில் தமிழராகவும் கன்னடியராகவும் தெலுங்கராகவும் மலையாளியாகவும் இருந்தவர், இங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியபின் தென்னிந்தியர் ஆயினர். பிறர் வாயில் அனைவரும் ‘மதராஸி’.

நம் நாவின் சுவையையும் நாம் விற்கவில்லை. மாட்டுங்கா நிலையத்தருகே 1942-இல் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கிய ராம நாயக் தென்கன்னடத்தவர். கொங்கணி பேசும் சிறு சமூகமொன்று இந்நகரில் 1906-இலேயே ஷாம்ராவ் விட்டல் கூட்டுறவு வங்கியையும், 1915-இல் காம்தேவியில் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தையும் அமைத்திருந்தது. நாம் பள்ளியும் சபாவும் கட்டினோம். இதைக் கொண்டு ‘தமிழனுக்கு வணிகம் வராது’ என்று கூறுவார் கூற்றும் பிழையே. அதே காலத்தில் நகரத்தார் பர்மா முழுவதும் வட்டித்தொழில் நடத்தினர். 1937-இல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது. அவர்கள் பேசியதும் இதே தமிழ்தான். எந்தக் குடியினர் எந்தக் கதவில் முதலில் நுழைந்தனரோ, அந்தக் கதவையே அவர்தம் பிள்ளைகளும் தட்டினர்.

தாராவியின் கதவு தோல் பதனிடும் தொழில். அங்கு முதல் தோல் ஆலை 1887-இல் தோன்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அதற்கென வந்தனர்; அவர்களைத் தொடர்ந்து துறைமுகத்துக்கும் துப்புரவுப் பணிக்கும் வந்தவர் பலர். காலத்தால் பார்த்தால், மாட்டுங்காவின் மாடிவீடுகள் எழும் முன்பே தாராவியில் தமிழ் ஒலித்தது. நகரின் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாட்டுங்காவில் தொடங்குவது முறையன்று. நாமும் மேலே அதையே செய்துவிட்டோம்.

சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊறவேண்டும், எந்தப் பட்டை எந்தத் தோலுக்கு ஏற்றது என்பனவெல்லாம் வாய்மொழியாகத் தமிழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அறிவு. அது அறிவன்று என எவர் சொல்ல முடியும்? மாட்டின் தொடைத்தோலையும் வயிற்றுத்தோலையும் கை தொட்டுப் பிரித்தறிவதற்குப் பிட்மன் கோடுகளைக் காட்டிலும் நீண்ட பயிற்சி வேண்டும். ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. இன்னொரு தொழிலுக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. இறைச்சிக்கூடம் 1971-இல் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாறியது; காலப்போக்கில் தோல் பதனிடுதல் தாராவியைவிட்டு அகன்று, பை, செருப்பு, இடைவார் செய்யும் பட்டறைகள் நிலைத்தன. அந்தக் கையறிவில் பாதி பயனற்றுப் போயிற்று.

இங்கு நம் அலுவலக அம்மையாரை மறுபடியும் நினைக்கிறோம். அவர் வீட்டில் தமிழ் பேசுவார், கடைத்தெருவில் இந்தி, அலுவலக மேலாளரிடம் மராத்தி, எதிர்வீட்டுக் குயவர் குடியிருப்பின் பெண்களோடு பழகிக் குஜராத்தியும் ஓரளவு புரியும். நம் பாட்டனார் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டே மொழியோடு காலம் கழித்தார். நாற்பதாண்டு இந்நகரில் இருந்தும் மராத்தியில் காய்கறி விலை கேட்பதோடு சரி. நான்கு மொழி அறிந்தவர் கோப்பு சுமக்கிறார். இரு மொழி அறிந்தவர் அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். ஊதியம் நாவில் இருக்கும் மொழிக்கன்று. தாளில் இருக்கும் மொழிக்கு.

தொழில் வந்தால் மொழி தானே வரும் என்பதற்கும் சான்று உண்டு. டேவிட் கிளிங்கிங்ஸ்மித் என்பவர் 1931 முதல் 1961 வரையிலான இந்தியக் குடிமதிப்பு ஏடுகளை ஆராய்ந்து, ஆலைத்தொழில் வளர்ந்த மாவட்டங்களில் இருமொழி பேசுவோர் பெருகினர் என்று 2014-இல் எழுதினார். வெவ்வேறு மொழியினர் ஒரே இயந்திரத்தின்முன் நின்றால் ஒருவர் மொழியை மற்றவர் கற்றே தீர்வர். ஆக, மொழி பொருளை வளர்க்கிறது என்று மட்டும் கூறலாகாது. பொருளும் மொழியை வளர்க்கிறது. தாராவியின் நான்கு மொழிகள் அவ்வாறு வளர்ந்தவை.

மாட்டுங்காவின் வாழ்வு பிறர்க்கு எவ்வாறு தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1960 மே முதல் நாளில் மகாராஷ்டிர மாநிலம் அமைந்தபோது, தலைநகரில் மராத்தியர் பாதிக்கும் குறைவாக இருந்தனர். அலுவலக நாற்காலிகளில் அவர்தம் பங்கு அதனினும் குறைவு என்ற மனக்குறை எழுந்தது. ‘மார்மிக்’ என்னும் வார இதழ் நிறுவனங்களின் அதிகாரிகள் பெயர்ப் பட்டியலை வெளியிட்டுத் தென்னிந்தியப் பெயர்களைச் சுட்டிக்காட்டிற்று. 1966 ஜூன் 19-இல் சிவசேனை தோன்றியது. தொடர்ந்த ஆண்டுகளில் தென்னிந்தியர் உணவுவிடுதிகள் தாக்குண்டன. வேட்டி கட்டியவர் வீதியில் ஏளனத்துக்கு ஆளாயினர். வன்முறைக்கு நியாயம் இல்லை. எனினும் அக்குறையின் அடியில் ஓர் உண்மை இருந்தது. மைத்துனன் ஏற்பாட்டில் மராத்தி இளைஞனுக்கு மைத்துனன் இல்லை. அடிபட்டவருள் மேல்மாடி அதிகாரிகள் குறைவு; தெருவில் கடை வைத்திருந்தோரே மிகுதி. பட்டியலில் பெயர் இல்லாதவர் பட்டியலுக்காக அடி வாங்கினர்.

மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையமான தாதரில் நடந்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் துணைசெய்யும். கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் 2006-இல் வெளியிட்டது அது. ஆங்கிலவழிக் கல்விக்கு ஊதியம் விரைந்து உயர்ந்த 1990-களிலும், உழைக்கும் வகுப்பு மராத்தியக் குடும்பங்கள் தம் ஆண்மக்களை மராத்திவழிப் பள்ளிக்கே மிகுதியாக அனுப்பின. தந்தையும் சிற்றப்பனும் பல தலைமுறையாக ஆலைகளிலும் பட்டறைகளிலும் இடம் பிடித்துத் தந்த சாதி உறவு, பையனை அவ்வழியே இழுத்தது. பெண்மக்களுக்கு அத்தகைய உறவுக் கயிறு இல்லை. எனவே அவர்கள் ஆங்கிலவழிக்குத் தடையின்றிச் சென்றனர். பாதுகாப்பாக இருந்த கயிறே தளையாயிற்று. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்த ஆலைகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன என்பதை நேயர் அறிவர்.

மாட்டுங்காவின் கயிறும் அறுந்தது. கணிப்பொறி வந்தபின் சுருக்கெழுத்தாளர் என்ற பதவியே தேய்ந்தது, மெஸ்ஸுகள் மூடின. ஆனால் அறுந்தபோது கையில் எஞ்சியது ஆங்கிலம். அதைக் கொண்டு அடுத்த தலைமுறை டிராம்பேயின் அணுசக்திக் கூடத்துக்கும், பொறியியற் கல்லூரிக்கும், அமெரிக்காவுக்கும் போயிற்று. தோலைத் தொட்டறியும் கை அவ்வாறு இடம் பெயர முடியவில்லை. முயற்சியின்மையால் அன்று, தாராவியில் விடியுமுன் எழுந்து இட்டலி அவித்து மிதிவண்டியில் நகரெங்கும் விற்கச் செல்லும் தமிழரைக் கண்டவர் எவரும் சோம்பல் என்ற சொல்லை எடுக்கமாட்டார்.

1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தயவால் சிறு வாடகைக்கு நாம் குடியிருந்த மாட்டுங்கா வீடுகளும் இப்போது பெரும்பாலும் கைமாறிவிட்டன. செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் தமிழர் பெயர்ந்தனர். குஜராத்தியரும் கச்சியரும் குடிவந்தனர். பூக்கடையும் கோயிலும் காப்பிக்கொட்டைக் கடையும் நிற்கின்றன. ஞாயிறு காலையில் நம்மவர் தொலைவிலிருந்து வந்து வாழையிலை வாங்கிச் செல்கின்றனர்.

அம்மையாருக்கு நாம் விடை சொன்னது விழா முடிந்து பல நாட்களுக்குப் பிறகே. “மொழி ஒன்றுதான் அம்மா, எங்கள் பாட்டனாருக்குப் பள்ளிக்கூடம் முதலில் கிடைத்துவிட்டது” என்றோம். “அது தெரியும் சார்” என்றார் அவர். “எம் பொண்ணுக்கு இப்ப என்ன செய்யிறதுன்னுதான் கேக்குறேன்.”

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்திவருவது. தமிழும் அவற்றுள் ஒன்று. தாய்மொழியில் தொடங்கும் அந்த உரிமை எளிதில் கிட்டுவதன்று. பல மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அது இல்லை. ஆனால் தொடக்கக் கல்விக்குப் பின் பாதை குறுகுகிறது. அச்சிறுமி இவ்வாண்டு எட்டாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறினாள். முதல் இரண்டு மாதம் வகுப்பில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. வகுப்பாசிரியர் மந்தமானவள் என்று குறிப்பெழுதி அனுப்பினாராம். மேடையில் ஒரு சொல்லும் பிறழாமல் குறள்களை அடுக்கடுக்காக ஒப்புவித்த பெண் அவள்.

மத்திய அரசின் ஆட்சிமொழி விதிகள் 1976-இல் வகுக்கப்பட்டன. அவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்துபவை. மும்பையில் வாழும் தமிழராகிய நாம் அவ்விதிகளுக்கு உட்பட்டு, ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் வைப்பதற்கே ஊதியம் பெறுகிறோம். ஆகவே ஞாயிறுதோறும் அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். அறிவியல் பாடநூலைத் திறந்து, குறிப்பேட்டின் இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ச் சொல்லுமாக எழுதுகிறோம். சென்ற வாரம் ஒளிச்சேர்க்கை வந்தது. இடப்புறச் சொல்லை நாம் எழுத்துக்கூட்டுமுன், “இது எனக்குத் தெரியும் ஐயா, ஏழாவதிலேயே படிச்சுட்டேன்” என்று இலையின் படத்தை வரைந்து, அம்புக்குறி இட்டு, கரியமிலவாயு உள்ளே போவதையும் உயிர்வாயு வெளியே வருவதையும் காட்டினாள். பின்னர் இடப்புறத்துச் சொல்லை மும்முறை உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.